தொலைக்காட்சிச் சந்தாவும் தோட்டத்து வீடும்



பதுளையிலிருந்து பசறை வழியாக லுணுகலைக்கும் மடுல்சீமைக்கும் செல்லும் பாதைகளில் பயணம் செய்வோர் ஒரு காட்சியைத் தவறாமற் காண்பர். தேயிலை மலைகளுக்கிடையே நீண்டு கிடக்கும் லயங்களின் தகரக் கூரைகளிலே வட்டத் தட்டுகள் பல வானத்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்கின்றன. அப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் தெமோதரையிலும் இதே காட்சிதான். இந்தத் தட்டுகளைக் கண்டு, "வறுமையிலும் இந்த ஆடம்பரம் ஏன்?" என்று கேட்பவரும் உளர். அவ்வாறு கேட்பது முறையன்று. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த பின்னர் மலைமேல் வாழும் ஒரு குடும்பத்துக்குச் செய்தியும் பாட்டும் நாடகமும் வந்து சேரும் வழி அதுவே. 2020ஆம் ஆண்டிலே நோய்ப் பரவலால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, பிள்ளைகளுக்குப் பாடங்களும் தொலைக்காட்சி வழியாகவே ஒளிபரப்பாயின. ஆகவே, தட்டு வேண்டுமா வேண்டாமா என்பது இன்றைய நமது கேள்வியன்று. அத்தட்டுக்காக மாதந்தோறும் கொடுக்கும் பணம் எத்தகைய உடன்பாட்டின்பேரில் கொடுக்கப்படுகின்றது என்பதே கேள்வி.

முதலில், இந்தத் தட்டு ஊவா மலைகளில் ஏன் இவ்வளவு பரவியது என்று பார்ப்போம். நமது நாட்டிலே தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டில் தொடங்கியது. ரூபவாகினிக் கூட்டுத்தாபனம் 1982 பெப்ரவரி 15ஆந் தேதி தனது ஒளிபரப்பை ஆரம்பித்தது. தரைவழியே வரும் இத்தகைய ஒளிபரப்பின் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. பீதுருதலாகலை உச்சியில் ஒலிபரப்புக் கோபுரம் நின்றாலும், நமுனுகுலை மலையின் மறைவில் உள்ள பள்ளத்துக்கு அந்த அலை எளிதில் இறங்கி வருவதில்லை. உயர்ந்த கம்பத்தில் அன்டெனாவைக் கட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் படம் புள்ளி புள்ளியாகவே தெரியும். செய்மதியின் நிலை வேறு. அது பூமியிலிருந்து ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில், நமக்கு அசையாது நிற்பதுபோலத் தோன்றும் இடத்தில் உள்ளது. மேலிருந்து வரும் அலைக்கு இடையிலுள்ள மலை பெரும்பாலும் தடையாவதில்லை. மலையகத்தின் நிலவமைப்பே மக்களைச் செய்மதித் தட்டின்பால் கொண்டு சேர்த்தது எனலாம்.

இன்று தோட்டத்துக் குடும்பம் ஒன்றின் முன்னே நான்கு வழிகள் உள்ளன. முதலாவது, கட்டணமின்றித் தரைவழியே கிடைக்கும் ஒளிபரப்பு. ரூபவாகினி, நேத்ரா, 1998இல் தொடங்கிய சக்தி, 2009இல் தொடங்கிய வசந்தம் முதலியவை இவ்வகையின. அலை வந்து சேரும் இடங்களில் இவற்றுக்கு மாதச் சந்தா இல்லை. இரண்டாவது, டயலொக் தொலைக்காட்சி போன்று இலங்கையில் அனுமதி பெற்று இயங்கும் செய்மதிச் சேவை. மூன்றாவது, ஸ்ரீ லங்கா டெலிகொம்மின் பியோ டிவி போன்று தொலைபேசி வடத்தையோ ஒளியிழையையோ நம்பி நிற்கும் சேவை. வடம் எட்டாத லயத்துக்கு இது எட்டுவது அரிது. நான்காவது, இந்தியாவில் வாழும் சந்தாதாரருக்கென நடத்தப்படும் சேவையின் தட்டை இங்கே பொருத்தி, இடைத்தரகர் ஒருவர் மூலம் பணம் செலுத்திப் பார்ப்பது.

இந்த நான்காவது வழியைப் பற்றி ஒரு சொல் தெளிவாகக் கூறவேண்டும். தமிழ் அலைவரிசைகள் பல கிடைப்பதால் மக்கள் அதனை நாடுவதை விளங்கிக்கொள்ளலாம். ஆனால் அச்சேவைகளின் உரிமமும் நிபந்தனைகளும் இந்திய எல்லைக்குள் உள்ளோருக்கே உரியவை. இங்குள்ள வீட்டுக்காரருக்கும் அங்குள்ள நிறுவனத்துக்கும் இடையே முறையான ஒப்பந்தம் எதுவும் உண்டாவதில்லை. பணம் தரகரின் கைக்குப் போகின்றது. பெயரோ முகவரியோ வேறொருவருடையதாக இருக்கின்றது. ஒருநாள் திரை இருண்டுவிட்டால், அந்த நிறுவனத்திடம் உரிமை கோர வழியில்லை. பேரம் பேசுவதற்கு எதிரே ஒருவர் இருக்கவேண்டும். இங்கே எதிரே யாரும் இல்லை. மலிவென்று கருதி வாங்கும் பொருளின் உண்மையான விலை இதுவே.

இனி, ஒப்பந்தம் என்பதன் பொருளைச் சற்று ஆராய்வோம். தோட்டத் தொழிலாளருக்கு ஒப்பந்தக் கடுதாசி புதிய பொருளன்று. அவர்களுடைய முன்னோரை ஒரு தோட்டத்தோடு கட்டிவைத்ததும் ஒரு கடுதாசியே. அதற்குத் 'துண்டு' என்று பெயர். ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், அவன் பட்ட கடன் இவ்வளவு, அதனைக் கட்டினால் விடுவிக்கலாம் என்று எழுதப்பட்ட துண்டு ஒன்று கைமாறும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் மட்டும் தொழிலாளியின் தலையிலேயே தொடரும். கணக்கு கங்காணியின் ஏட்டில் இருந்தது. தொழிலாளிக்கோ பெரும்பாலும் எழுத்து வாசனை இல்லை. தான் படிக்க இயலாத கணக்குக்குத் தானே கடன்பட்டவன் ஆனான். இந்தத் துண்டு முறை 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

தொலைக்காட்சிச் சந்தா துண்டு முறையோடு ஒப்பிடத்தக்க கொடுமையன்று. எனினும், படிக்காத கடுதாசியில் கையொப்பம் இடலாகாது என்ற பாடம் இரண்டுக்கும் பொதுவானது. மேலும், இன்று ஒப்பந்தம் கடுதாசியில் மட்டும் உண்டாவதில்லை. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்வழியே செய்யப்படும் உடன்பாட்டையும் ஏற்கின்றது. முகவர் ஒருவர், "உங்கள் தொலைபேசிக்கு ஓர் இலக்கம் வரும், அதைச் சொல்லுங்கள் அம்மா" என்று கேட்கும்போது, அந்த இலக்கத்தைச் சொல்வது கையொப்பம் இடுவதற்கு ஒப்பாகலாம். எதற்காக அந்த இலக்கம் என்று கேட்ட பின்னரே அதனைச் சொல்லவேண்டும்.

அடுத்து, கட்டணம் என்பதைப் பிரித்துப் பார்ப்போம். வாசலில் வந்து நிற்கும் முகவர் பெரும்பாலும் ஒரேயொரு தொகையையே கூறுவார். அது மாதக் கட்டணம். ஆயினும் குடும்பம் கொடுக்கும் பணத்துக்குப் பல கிளைகள் உண்டு. தட்டுக்கும் பெட்டிக்கும் ஒரு விலை, பொருத்தும் கூலி, நீண்ட கம்பி வேண்டுமானால் அதற்கு மேலதிகம், மாதக் கட்டணம், அதன்மேல் வரி, விரும்பிச் சேர்க்கும் அலைவரிசைகளுக்குத் தனிப் பணம், தவணை தவறிச் சேவை நின்றால் மீண்டும் இணைக்கும் கட்டணம், வீடு மாறினால் தட்டை இடம்மாற்றும் கட்டணம். ஆகவே கேட்கவேண்டிய முதற்கேள்வி, "மாதம் எவ்வளவு?" என்பதன்று, "முதல் ஓராண்டில், வரியோடு, என் கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும்?" என்பதே.

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். இது கணக்கு விளங்குவதற்காகக் கூறும் கற்பனைத் தொகையேயன்றி எந்த நிறுவனத்தின் கட்டணமும் அன்று. மாதக் கட்டணம் 1,000 ரூபாய் என்றும், பொருத்துவதற்கு 5,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதமாக உயர்த்தப்பட்டது. கூறப்பட்ட மாதக் கட்டணத்தில் அவ்வரி அடங்கவில்லை எனின், மாதம் 1,180 ரூபாய் ஆகும். பன்னிரண்டு மாதங்களுக்கு 14,160 ரூபாய். பொருத்தும் செலவோடு 19,160 ரூபாய். இதனைத் தோட்டத்து அளவுகோலால் அளந்து பார்க்கவேண்டும். 2024 செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை மூலம் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கின்படி 19,160 ரூபாய் என்பது பதினான்கு பேருக்கு மேல். பதினான்கு நாள் மலையேறிக் கொழுந்து பறித்துப் பேர் விழுத்தினாலன்றி அந்தத் தொகை கைக்கு வராது. ரூபாயாகக் கேட்கும்போது சிறிதாகத் தோன்றுவது, பேராகக் கணக்கிடும்போது தன் உண்மையான கனத்தைக் காட்டுகின்றது. தொகை உங்களுக்குத் தகும் எனின் தாராளமாகக் கொடுங்கள்; ஆனால் கனத்தை அறிந்து கொடுங்கள்.

இனி, எதனைப் பேரம் பேசலாம், எதனைப் பேச முடியாது என்பதை அறிதல் வேண்டும். மாதக் கட்டணத்தை நிறுவனம் நாடு முழுவதற்கும் ஒன்றாக வகுத்திருக்கும். அதனைக் குறைக்கும் அதிகாரம் வாசலில் நிற்கும் முகவருக்கு இல்லை; அவரோடு அதுபற்றி வாதிடுவதால் பயனில்லை. ஆனால் பொருத்தும் கூலி, கம்பியின் விலை, பழுது பார்க்க வரும் காலம், கட்டணம் செலுத்தும் திகதி, சேர்க்கும் அலைவரிசைத் தொகுதி ஆகியவற்றில் பேச இடமுண்டு.

திகதியை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டங்களிலே சம்பளம் பெரும்பாலும் அடுத்த மாதத்தின் பத்தாந் திகதி அளவிலேயே கிடைக்கின்றது. கட்டணம் ஐந்தாந் திகதிக்குள் செலுத்தப்படவேண்டும் என்று இருந்தால், கையில் பணம் இல்லாத நாளிலேயே தவணை வந்து நிற்கும். சேவை துண்டிக்கப்படும்; மீள இணைப்பதற்கும் பணம் கேட்கப்படலாம். திகதியைப் பன்னிரண்டுக்கோ பதினைந்துக்கோ மாற்றிக்கொண்டால் ஒரு சதமும் அதிகம் கொடாமலே அந்த நட்டத்தைத் தவிர்க்கலாம். மாற்ற இயலாது என்றால், முன்கூட்டியே பணம் செலுத்திப் பார்க்கும் முற்கொடுப்பனவு முறை நலமானது. அம்முறையில் பணம் போட்ட மாதம் படம் தெரியும். போடாத மாதம் கடன் ஏறாது.

முகவரியும் முக்கியமானது. லயத்தில் வாழும் பல குடும்பங்களுக்கு வீட்டு இலக்கத்தோடு கூடிய தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்டத்துக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறி வருகின்றன. கட்டணம் உயர்கின்றது என்ற அறிவித்தல் காரியாலயத்திலேயே தங்கிவிட்டால், உயர்ந்த பின்னரே குடும்பம் அதனை அறியும். ஆகவே அறிவித்தல்கள் உங்கள் கையடக்கத் தொலைபேசிக்குக் குறுஞ்செய்தியாக, தமிழில் வரவேண்டும் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். அந்த இலக்கம் முகவருடையதாகவோ அயலவருடையதாகவோ இருத்தல் ஆகாது. இணைப்பும், அதைப் பெறுபவரின் சொந்தப் பெயரிலேயே, அடையாள அட்டையில் உள்ளபடி இருத்தல் வேண்டும். பெயர் எவருடையதோ, உரிமையும் அவருடையதே.

பெட்டி யாருக்குச் சொந்தம் என்பதும் தெரியவேண்டும். விலைக்கு வாங்கிய பெட்டியா, நிறுவனம் பயன்படுத்தக் கொடுத்த பெட்டியா என்பதை ஒப்பந்தம் கூறும். பின்னையதாயின், சேவையை நிறுத்தும்போது அதனைத் திருப்பிக் கொடுத்துப் பற்றுச்சீட்டுப் பெறவேண்டும். அவ்வாறே, குறைந்தது எத்தனை மாதம் சேவையில் இருக்கவேண்டும், முன்னரே விலகினால் என்ன செலுத்தவேண்டும் என்பவற்றையும் கேளுங்கள். 'இலவசமாகப் பொருத்தித் தருகிறோம்' என்று கூறப்படும் இடத்திலே அந்த இலவசத்தின் விலை பெரும்பாலும் இந்தக் குறைந்த காலத்துக்குள் மறைந்திருக்கும்.

இடமாற்றம் நமது பகுதியிலே வெறும் கற்பனையன்று. இந்திய உதவியுடன் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களில் 4,000 வீடுகள் கட்டும் திட்டமும், 2017இல் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகளின் திட்டமும் குடும்பங்களை லயத்திலிருந்து தனி வீட்டுக்குக் கொண்டு செல்பவை. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து உயிர்களைக் கொண்டபின், மண்சரிவு அபாயம் பற்றிய அச்சமும் பல லயங்களில் குடியிருக்கின்றது. ஓராண்டுக்குள் வீடு மாறக்கூடும் என்ற நிலையில் உள்ள குடும்பம், இடம்மாற்றும் கட்டணத்தை முன்னரே எழுத்தில் பெற்றுக்கொள்வது அறிவுடைமை.

மழையைப் பற்றியும் பேரத்தில் ஒரு சொல் வேண்டும். இவ்வகைச் செய்மதி அலைகள் கனமழையில் வலுவிழக்கும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பதுளைப் பக்கம் மழை கொட்டும் காலத்தில் படம் சிறிது நேரம் மறைந்து மீள்வது இயற்கை. அதற்கு யாரையும் குறைகூற இயலாது. ஆனால் சிறு தூறலிலேயே படம் அறுமாயின், அல்லது ஜூலை, ஓகஸ்ட் மாதக் கச்சான் காற்று அடித்தபின் படம் திரும்பி வராவிடின், தட்டு விலகியிருக்கின்றது என்று பொருள். சரிவரப் பூட்டாத தட்டைப் பூட்டித் தருவது பொருத்தியவரின் கடமை. குறித்த காலத்துக்குள் இலவசமாக வந்து திருத்தித் தரவேண்டும் என்பதைப் பற்றுச்சீட்டின் பின்புறத்திலாவது எழுதி வாங்குங்கள்.

இவற்றையெல்லாம் ஒரு குடும்பம் தனித்து நின்று கேட்டால் கிடைக்குமா என்று நீங்கள் வினவலாம். கிடைப்பது கடினம். அதனாலேதான் சேர்ந்து கேட்கவேண்டும் என்று கூறுகின்றேன். பதுளை நகரிலிருந்து மடுல்சீமை மலைக்கு ஒரு தட்டோடு ஆளை அனுப்புவது முகவருக்குப் பெருஞ் செலவு. வாகனமும் ஒரு நாட்கூலியும் அந்த ஒரு தட்டின்மேலேயே விழும். ஒரே நாளில் ஒரே லயத்தில் பன்னிரண்டு தட்டுகள் என்றால் அச்செலவு பன்னிரண்டாகப் பிரிந்துவிடும். பொருத்தும் கூலியைக் குறைப்பதற்கு அவருக்கு அப்போது இடமுண்டு. ஆகவே லயத்தார் கூடிப் பேசி, எழுத்தறிந்த இளைஞர் ஒருவரையோ பெண்ணொருத்தியையோ பேச்சாளராக நிறுத்தி, இரண்டு மூன்று முகவர்களிடம் கேள்வி கேட்டு, விடைகளை எழுத்தில் பெறுவதே சிறந்த வழி. பேரம் ஒன்றாக இருக்கட்டும். ஒப்பந்தம் மட்டும் அவரவர் பெயரில் தனித்தனியாக இருக்கட்டும். ஒருவர் பெயரில் பன்னிரண்டு இணைப்பு எடுத்தால், அவர் தலையிலேயே பன்னிரண்டு கடனும் ஏறும்.

இவ்வழி ஊவாவுக்குப் புதிதன்று. 1940ஆம் ஆண்டு வேலைநிறுத்தங்களின்போது, ஊவாவைச் சேர்ந்த வெவெஸ்ஸ தோட்டத்தின் தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு சபையைத் தெரிவுசெய்தனர். அச்சபையைக் கலந்தே செயற்படுவதாகத் தோட்டத்துத் துரையும் இணங்க நேர்ந்தது. தனியொருவர் கேட்டால் கெஞ்சுதல் ஆவது, பலர் சேர்ந்து கேட்டால் பேச்சுவார்த்தை ஆகின்றது. சம்பளத்தில் கற்ற பாடத்தைச் சந்தாவுக்கு ஏன் பயன்படுத்தலாகாது?

பிற நாட்டில் இது எவ்வாறு நடந்தது என்பதையும் நோக்குவோம். தமிழ்நாட்டில் அரசு கேபிள் நிறுவனம் 2011 செப்டெம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுக்கத் தொடங்கியது. அங்கே மக்களுக்காக அரசே பேரம் பேசிற்று எனலாம். இந்தியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்து, 2019 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஒழுங்கின்படி, கட்டண அலைவரிசை ஒவ்வொன்றின் விலையையும் தனித்தனியே வெளியிட வேண்டியதாயிற்று. வேண்டியதை மட்டும் தெரிந்தெடுக்கும் உரிமையும் சந்தாதாரருக்குக் கிடைத்தது. இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. நூறு அலைவரிசை என்று கேட்டு மயங்காமல், வீட்டில் உண்மையாகப் பார்க்கப்படுபவை எத்தனை என்று எண்ணுங்கள். அவற்றுள் கட்டணமின்றித் தரைவழியே கிடைப்பவற்றைக் கழியுங்கள். எஞ்சி நிற்பவற்றுக்கே நீங்கள் பணம் கொடுக்கின்றீர்கள். அவை அடங்கிய மிகச் சிறிய தொகுதி எது என்று கேளுங்கள்.

ஒப்பந்தம் மீறப்பட்டால் செய்வது யாது? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இதற்காகவே உள்ளது. மயக்கும் வகையில் விற்பதை அச்சட்டம் தடுக்கின்றது. பொருள் வாங்கியவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டும் என்றும் கூறுகின்றது. முறைப்பாட்டை எழுத்துமூலம், பொருள் வாங்கிய அல்லது சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் செய்யவேண்டும். 'பார்ப்போம், பார்ப்போம்' என்று தள்ளிப்போட்டால் காலம் கடந்துவிடும். 1977 என்ற தொலைபேசி இலக்கத்திலும் அச்சபையோடு பேசலாம். நிறுவனம் தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் நிபந்தனைகளை அச்சடித்து வைத்திருந்தால், அவை நியாயமானவையா என்று சோதிப்பதற்கு 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நேர்மையற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் உண்டு. சிறு தொகைப் பிணக்கை, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட மத்தியஸ்த சபையின் முன்னும் வைக்கலாம்; அங்கே சட்டத்தரணி தேவையில்லை.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் ஒரு சான்று வேண்டும். 'அந்தத் தம்பி வாயால் சொன்னார்' என்பது எங்கும் நில்லாது. பற்றுச்சீட்டு, ஒப்பந்தத்தின் பிரதி, பணம் செலுத்திய குறுஞ்செய்தி, முகவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் ஆகியவற்றை, பிறப்புச் சான்றிதழும் சேமலாப நிதிப் பத்திரமும் வைக்கும் அதே பெட்டியில் வையுங்கள். ஒப்பந்தம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்து விளங்காவிடின், அன்றே கையொப்பம் இடவேண்டியதில்லை. "வைத்துவிட்டுப் போங்கள், படிப்பித்துக் கேட்டு நாளை சொல்கிறோம்" என்று கூற ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. நேர்மையான முகவர் மறுநாளும் வருவார். மறுநாள் வரை பொறுக்க மாட்டாதவரிடம் வாங்காது விடுவதே இலாபம்.

கொழுந்து நிறுக்கும் இடத்திலே தராசின் முள்ளை உற்று நோக்காமல் கூடையைக் கொடுக்கும் தொழிலாளி இல்லை. ஒரு கிலோ குறைந்தாலும் அவ்விடத்திலேயே கேட்பார். அந்தக் கொழுந்தின் பணத்தைக் கொடுத்து வாங்கும் சேவைக்கும் அதே கண்ணும் அதே வாயும் வேண்டும் என்பதே இன்று நான் கூற விரும்பியது.